தொட்டிக் கடலும் இரண்டு உப்புகளும்

புனேயில் கடல் கிடையாது. கடலைக் காண வேண்டுமாயின் சகியாத்திரி மலையை இறங்கிக் கடந்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்து மும்பைக்குப் போக வேண்டும். சைக்கிள் மணிகூட உப்புக் காற்றில் துருப்பிடித்துப்போகும் தூத்துக்குடித் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, இவ்வூருக்கு வந்த முதலாண்டில் இதுவே பெருங்குறையாக இருந்தது. ஆனால், எங்கள் துறையின் மாடிப்படி வளைவிலே 300 லிட்டர் தண்ணீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. சென்ற ஜூன் மாதம் முதல் அந்தக் கடலுக்கு நான்தான் காவற்காரன்.

சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, அந்தத் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. தொட்டியின் கதையைச் சொல்வதென்றால், அதனை ஏறக்குறைய நானே கொன்ற கதையையும் சொல்லியாக வேண்டும். போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொட்டியில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம். கோமாளி மீன் இரண்டு. பண்ணையிலே பொரித்து வளர்த்தவை. நத்தைகள் சில. காளான்போல் விரிந்த பவளவுயிர்கள் ஒரு புறம், பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோன்ற சோவாந்திடு என்னும் உயிர்க்கூட்டம் ஒரு புறம். கடலில் பாறை கட்டும் கல்பவளம் ஒன்றுகூட இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2001 முதல் கல்பவளங்கள் யாவும் காப்புப் பெற்றவை. புலியை வீட்டில் வளர்க்க முடியாததுபோல அவற்றையும் வளர்க்க முடியாது. ஆகவே, எங்கள் தொட்டியின் பாறைகூடக் கடற்பாறையன்று. நிலத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்தான். அந்தச் சோவாந்திடுக் கூட்டம் மட்டும் ஆறு ஆண்டுகளாக மாணவர் கைமாறி மாணவர் கைக்கு வந்துகொண்டிருந்த பழஞ்சொத்து.

இத்தகைய தொட்டியை வைத்திருப்பவன் அன்றாடம் கவலைப்பட வேண்டிய உப்புகள் இரண்டு. ஒன்று நைட்ரேட்டு, மற்றொன்று பாஸ்பேட்டு. இவை எங்கிருந்து வருகின்றன? மீனுக்கு நாம் போடும் தீனியிலிருந்துதான். ஒரு கிராம் உலர்தீனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரதம் நூற்றுக்கு நாற்பது பங்கு என்று கொண்டால், நைட்ரஜன் ஏறக்குறைய 64 மில்லிகிராம். பாஸ்பரஸ் நூற்றில் ஒரு பங்கு என்று கொண்டால் 10 மில்லிகிராம். மீன் தின்றாலும், தின்னாமல் மக்கினாலும், கடைசியில் பெரும்பகுதி தண்ணீரில்தான் கரையும். நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 300 லிட்டரில் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் கூடும். பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பேட்டாக நின்றால் 0.1 மில்லிகிராம் கூடும். ஒரு கிராம் தீனிக்கு, ஒரே நாளில்! 0.1 மில்லிகிராம் என்பதுதான் இத்தகைய தொட்டியில் பாஸ்பேட்டு தாண்டக்கூடாது என்று அனுபவசாலிகள் வைத்திருக்கும் எல்லை. கைப்பிடி தீனியை அன்போடு அள்ளிப் போடும் விருந்தினரைக் கண்டால் எனக்கு ஏன் பதறுகிறது என்பது இப்போது விளங்கும்.

வந்தவை எப்படிப் போகின்றன என்பதிலேதான் விஷயம் இருக்கிறது. நைட்ரஜனுக்கு வாசல் உண்டு. கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அஃது மீனுக்கு நஞ்சு. பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் நைட்ரசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்குகின்றன. நைட்ரோஸ்பைரா முதலியவை அதனை நைட்ரேட்டாக்குகின்றன. பிராணவாயு எட்டாத பாறையின் உட்பொந்துகளில் வாழும் வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. குமிழியாய்க் கிளம்பிக் காற்றோடு காற்றாய்க் கலந்துவிடும். யாரும் தொட வேண்டியதில்லை.

பாஸ்பேட்டுக்கு அந்த வாசல் இல்லை. அது வாயுவாகப் பறக்காது. தொட்டிக்குள் வந்த பாஸ்பேட்டை யாராவது கையால் தூக்கி வெளியே போட்டால்தான் உண்டு. பாசியை வளரவிட்டு அறுத்தெடுக்கலாம். நுரைக் கருவியை வைத்து அழுக்கை நுரையோடு வழிக்கலாம். தண்ணீரை மாற்றலாம்; ஆனால் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் பத்தில் ஒரு பங்கு உப்புதான் போகும். அன்றியும், சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைத் தன் மேனியில் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் மெல்லக் கக்கும். கூடினால் மீண்டும் விழுங்கும். வட்டிக் கடைக்காரர்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரும்பு ஆக்சைடு மணிகள் என்று ஒரு சரக்கு கிடைக்கிறது. துருவின் நிறம், கடுகின் பருமன். ஒரு குழாயில் நிரப்பித் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டால் பாஸ்பேட்டை அப்படியே கவ்விக்கொள்ளும். நைட்ரேட்டை அது தொடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

ஆகஸ்டு மாதம் பாறைகளின்மேல் பச்சை மயிர்போலப் பாசி படர்ந்தது. தண்ணீரைச் சோதித்தேன். நைட்ரேட்டு லிட்டருக்கு 25 மில்லிகிராம், கொஞ்சம் அதிகந்தான். பாஸ்பேட்டைக் காண்பதற்கு மர்பி, ரைலி என்ற இருவர் 1962-இல் எழுதிய முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. மாலிப்டினம் சேர்ந்த கரைசலைக் கலந்தால் பாஸ்பேட்டின் அளவுக்கேற்ப நீலம் பிடிக்கும். அந்த நீலத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்து, அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்கான கரைசல் புட்டி எனக்கு முன்பிருந்தவர் காலத்தது. அதன்மேல் "10 மி.கி." என்று மட்டும் எழுதியிருந்தது. பாஸ்பரஸா, பாஸ்பேட்டா? ஒரு தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாஸ்பரஸாகத்தான் இருக்குமென்று நானே தீர்மானித்து, வந்த விடையை 3.07-ஆல் பெருக்கினேன். பாஸ்பரஸின் எடை 31, பாஸ்பேட்டின் எடை 95 என்பதால் வரும் எண் அது. 0.09 என்பது 0.28 ஆயிற்று. புட்டியில் இருந்ததோ பாஸ்பேட்டு, பெருக்கியிருக்கவே கூடாது.

0.28 என்றதும் பயந்துபோய், வேண்டிய அளவுக்கு மூன்று மடங்கு இரும்பு மணிகளைக் குழாயில் நிரப்பினேன். பத்து நாளில் நீலம் அறவே மறைந்தது. பாசி வெளிறிக் கழன்று விழுந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு! நண்பர்களை அழைத்து வந்து காட்டினேன். எங்கள் சோதனைச்சாலை உதவியாளர் மட்டும் (இங்கே அவரை எல்லாரும் "மாமா" என்றுதான் அழைப்போம்) தொட்டி முன் வெகுநேரம் நின்றார். "பாளா, தண்ணீர் இவ்வளவு சுத்தமாகிவிட்டால் இவை எதைத் தின்னும்?" என்று மராத்தியில் கேட்டார். இருபது ஆண்டுகளாகத் தொட்டியைத் துடைப்பவர் அவர். நான் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பொத்தான்களின் பழுப்பு நிறம் வெளிறத் தொடங்கியது. அதற்கடுத்த வாரம் பாறையெங்கும் பழுப்புச் சளிபோல ஒன்று, குமிழிகளோடு தொங்கியது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நீள்வட்ட வடிவான உயிரணுக்கள் கயிற்றில் கட்டிய பம்பரம்போல் சுழன்றுகொண்டிருந்தன. டைனோபிளாஜெல்லேட்டு என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. இக்கூட்டத்தில் நஞ்சுள்ளவையும் உண்டு. நத்தைகள் இரண்டு செத்தன. ஆறு ஆண்டுச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு, செப்டம்பர் முடிவதற்குள் கரைந்து போயிற்று.

என்னை அதிகம் குழப்பியது வேறொன்று. பாஸ்பேட்டுச் சுழியாய் இருக்க, நைட்ரேட்டு மட்டும் 25-இலேயே நின்றது. நுண்ணுயிர்களுக்குக் கரிமம் கொடுத்தால் அவை பெருகி நைட்ரேட்டைத் தின்னும் என்பது இத்துறையினர் கண்ட வழி. மேனாட்டார் இதற்காக வோட்கா ஊற்றுவார்களாம்! விடுதிக் காப்பாளரிடம் அந்த விஞ்ஞானத்தை விளக்கத் துணிவில்லாமல் நான் சர்க்கரைக் கரைசல் ஊற்றினேன். எதுவும் குறையவில்லை. ஏன்?

விடை, அமெரிக்கக் கடலாராய்ச்சி அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டு 1934-இல் தொடங்கி 1958 வரை எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலைச் சோதித்தால், சராசரியாகப் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணு 16, கரிம அணு 106 என்ற விகிதம் வருகிறதென்று அவர் காட்டினார். உடல் கட்டும் கொத்தனுக்குச் செங்கல் பதினாறு என்றால் சுண்ணாம்பு ஒரு சட்டி வேண்டும். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டால் செங்கல் மலைபோல் குவிந்து கிடந்தாலும் சுவர் எழும்பாது. என் தொட்டியில் நைட்ரேட்டு கிடந்தது அப்படித்தான். அதைத் தின்று வளர வேண்டிய பாசிக்கும் நுண்ணுயிருக்கும் பாஸ்பேட்டு இல்லை. ஆகவே நைட்ரேட்டையும் அவை எடுக்கவில்லை. ஒன்றை முற்றிலும் நீக்கியதால் மற்றொன்று நீங்காமல் தங்கிவிட்டது.

அணுக்கணக்கை எடைக்கணக்காக்கினால் பாஸ்பேட்டு ஒரு பங்குக்கு நைட்ரேட்டு ஏறத்தாழ பத்துப் பங்கு. முன்பு சொன்ன மீன் தீனிக் கணக்கும் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று என்றே வந்தது. கடலுணவிலிருந்து செய்த தீனி வேறெப்படி இருக்கும்? ஆனால், இதைப் படித்த சிலர் தொட்டித் தண்ணீரிலும் அதே பத்துக்கு ஒன்று இருந்தாக வேண்டுமென்று மல்லுக்கு நிற்கிறார்கள். அது சரியென்று எனக்குப் படவில்லை. ரெட்பீல்டின் விகிதம் உயிரின் உடலுக்குள் இருப்பது. தண்ணீரில் நாம் அளப்பது உண்டது போக எஞ்சியது. பந்தியில் இலையில் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்து, உண்டவர் எத்தனை அப்பளம் தின்றாரென்று சொல்ல முடியுமா? நைட்ரேட்டு 5 முதல் 10, பாஸ்பேட்டு 0.03 முதல் 0.1 என்று இருக்கும் தொட்டிகள் நன்றாகவே வாழ்கின்றன. அங்கே விகிதம் நூற்றுக்கு ஒன்றுகூட ஆகும். இரண்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும், எதுவும் வற்றிவிடக் கூடாது. தொட்டிக்காரன் கண்வைக்க வேண்டியது அதிலேதான்.

"கடலிலே பவளப்பாறையருகில் இவை இரண்டும் மிகமிகக் குறைவு என்று படித்திருக்கிறோமே" என்று விலங்கியல் நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மை. ஆனால் அங்கே ஓட்டம் ஓயாது. குறைந்த அளவேயானாலும் கணந்தோறும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். இரவில் மிதவையுயிர்கள் வாய்க்கே வந்து விழும். தொட்டியில் அந்த விருந்து ஏது? கரைந்த உப்பையும் நாம் பறித்துவிட்டால் பட்டினிதான்.

பட்டினியில் பவளம் வெளிறுவதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் பழுப்பு நிறம் அதனுடையதன்று. தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியினுடையது. அப்பாசி ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. இங்கிலாந்திலுள்ள சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்க் வீடென்மான் குழுவினர் 2013-இல் இத்தகைய தொட்டிகளைக்கொண்டே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நைட்ரேட்டு மிகுந்து பாஸ்பேட்டு வறண்டால், நுண்பாசி பெருக முயன்று, பாஸ்பரஸ் கிடைக்காமல், தன் சவ்வுகளில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்து ஒட்டுப்போடுகிறது. அந்த ஒட்டு, வெயிலும் வெப்பமும் கூடினால் தாங்குவதில்லை. பவளம் எளிதில் வெளிறிவிடுகிறது. என் தொட்டியில் நடந்ததை நானே அச்சில் படித்ததுபோல் இருந்தது.

இது தொட்டியோடு நிற்கும் சங்கதியானால் சங்க மலரில் இவ்வளவு இடம் கேட்டிருக்கமாட்டேன். கல்லூரிக்கு வரும் வழியில் முளா, முட்டா ஆறுகளைப் பாலத்தின்மேல் கடப்பவர்கள் கோடையில் கீழே என்ன பார்க்கிறீர்கள்? பச்சைக் கம்பளம், ஆகாயத் தாமரை. மராத்தியர் ஜலபர்ணி என்பர். பாஷாண் ஏரியிலும் அதுவே. ஆண்டுதோறும் இயந்திரத்தால் அள்ளுகிறார்கள், ஆண்டுதோறும் வளர்கிறது. நகரத்துச் சாக்கடையில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழுகிறது. நம் எச்சில் தட்டும் கழிப்பறையும் துணிச்சோப்பும் போடும் தீனியில் அது கொழுக்கிறது. கனடாவில் ஷிண்ட்லர் என்ற அறிஞரின் குழு 1973-இல் 226 என்ற எண் கொண்ட ஏரியைப் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தது. பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாய்க் கொதித்தது. நன்னீரில் பெரும்பாலும் கடிவாளம் பாஸ்பரஸின் கையில்தான் என்பதற்கு அந்த ஏரியின் வானப்படத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

புனேயின் கழிவு எங்கே போகிறது? மேற்கே அரபிக் கடல் அருகிலிருந்தாலும் ஆறு அந்தப் பக்கம் திரும்புவதில்லை. முளா-முட்டா பீமாவில் சேர்கிறது. பீமா சோலாப்பூர் மாவட்டத்து உஜனி அணையில் தேங்குகிறது. அங்கும் தண்ணீர் பச்சை. மிஞ்சியது கிருஷ்ணையோடு கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. நம் பக்கத்துக் கடலுக்குத்தான்!

நம் பக்கத்துக் கடல் என்றதும் என் ஊருக்கு வந்துவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் உண்டு. எங்களூரில் அந்தக் கல்லுக்கு முருகைக்கல் என்று பெயர். சுண்ணாம்புக்கும் சுவருக்கும் அதை வெட்டி வள்ளத்தில் கொண்டுவந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் அந்த வேலை ஓய்ந்தது. அதற்குள் வான் தீவு பெருமளவு தேய்ந்துவிட்டது. 1998, 2010, 2016 என்று வெப்பத்தால் வெளிறிய ஆண்டுகள் வேறு. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் அருகே நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாயிற்று. அவ்வுயிர் மக்கியபோது தண்ணீரில் பிராணவாயு குன்றி, மீன்கள் செத்துக் கரையொதுங்கின, பவளங்களும் மடிந்தன. தொட்டியென்றால் நாளைக்கே தண்ணீரை மாற்றலாம். அங்கே யார் மாற்றுவது?

என் தொட்டி வெளிறியபோது வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். தாத்தா வாங்கிக்கொண்டு, "எய்யா, கல்லு பட்டினி கிடக்குமா? நாங்க அதுக்கு உசுரு உண்டுன்னே நெனைக்கலியே" என்றார். பிறகு, "அதுக்கு ஏதாச்சும் போடுய்யா" என்றார்.

போட்டேன். இரும்பு மணிகளை எடுத்தெறிந்தேன். சளியைக் குழாய் வைத்து உறிஞ்சியெடுத்து, மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன். பிறகு பாஸ்பேட்டை நானே ஊட்டினேன். 300 லிட்டரில் 0.03 ஏற்ற 9 மில்லிகிராம் பாஸ்பேட்டு வேண்டும்; பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டாக நிறுத்தால் 13 மில்லிகிராம், விரல்நுனியில் ஒட்டும் தூள். முதல் நாள் ஊற்றினேன், மறுநாள் சுழி. பாறை விழுங்கிவிட்டது. மறுபடி ஊற்றினேன், மறுபடி சுழி. ஏறக்குறைய மூன்று வாரம் இதே பாடு. அதன்பின் நீலம் நிலைத்தது. நீலம் நிலைத்த பிறகுதான் நைட்ரேட்டு இறங்கத் தொடங்கியது: 25, 21, 16. சர்க்கரையும் வேலை செய்தது. அதையும் துளித்துளியாகத்தான் கொடுக்க வேண்டும், மிஞ்சினால் நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் பால்போல் கலங்கி, மீனுக்குப் பிராணவாயு குறைந்துவிடும்.

இதை எழுதும் இன்று நைட்ரேட்டு 8, பாஸ்பேட்டு 0.06. பாறையில் கொஞ்சம் பச்சைப் பாசியும் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை கையால் பறிக்கிறேன். எஞ்சிய பொத்தான்கள் பழுப்பேறிவிட்டன. சென்ற செவ்வாயன்று, கூட்டத்தின் ஓரத்தில் கடுகளவில் புதிதாக ஒன்று முளைத்திருப்பதை மாமாதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

பழைய புட்டியைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் செய்து வைத்திருக்கிறேன். அதன்மேல் "லிட்டருக்கு 10 மி.கி. பாஸ்பேட்டு; பாஸ்பரஸ் அன்று; பெருக்காதே" என்று தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியாயிற்று. பார்க்க விரும்பும் சங்க அன்பர்கள் சனிக்கிழமை மாலைகளில் வரலாம். தீனி மட்டும் கொண்டுவர வேண்டாம்.